எல்லாருக்கும் தெரிந்த ஊரில் வாழ்வது

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது தலைப்பை என் விருப்பத்துக்கு விட்டுவிட்டார். "டொக்டர்தானே, சீனி வருத்தத்தைப் பற்றிக் கதையுங்கோவன்" என்று ஒரு யோசனையும் சொன்னார். சீனி வருத்தத்தைப் பற்றி நீங்கள் போதிய அளவு கேட்டுவிட்டீர்கள். கேட்டபடி நடக்கிறீர்களா என்பது வேறு கதை. நான் வாழும் இடத்தைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்தேன். யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் வந்தால் சுன்னாகம். இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பாதிப்பேர் அந்தச் சந்தியில் பஸ் ஏறி இறங்கியே படித்து முடித்தவர்கள்.

சுன்னாகத்தைப் பட்டினம் என்று சொன்னால் யாழ்ப்பாணத்தார் சிரிப்பார்கள். கிராமம் என்று சொன்னால் சுன்னாகத்தார் கோபிப்பார்கள். காலை ஏழு மணிக்குச் சந்தியில் நின்று பாருங்கள். வங்கிக்கும் கந்தோருக்கும் பட்டினத்துப் பள்ளிக்கூடங்களுக்கும் போகிறவர்கள் ஸ்கூட்டியிலும் மினி பஸ்ஸிலும் தெற்கு நோக்கிப் போய்க்கொண்டிருப்பார்கள். அதே நேரத்தில் மரக்கறியும் வாழைக்குலையும் ஏற்றிய லான்ட்மாஸ்டர்கள் சந்தைக்குள் நுழைந்துகொண்டிருக்கும். அடகு கடை, பாமசி, டியூட்டரி, கைபேசி திருத்தும் கடை என்று ஒரு வரிசை. அந்த வரிசைக்குப் பின்னால் கொஞ்சத் தூரம் நடந்தால் செம்மண் தோட்டமும் தண்ணீர் இறைக்கும் மோட்டர்ச் சத்தமும்.

சின்ன ஊர்தான். ஆனால் 1854 இல் பிறந்து 1922 இல் மறைந்த குமாரசுவாமிப் புலவர் இந்த ஊரவர். நா. பொன்னையா அவர்கள் 1930 இல் தொடங்கிய ஈழகேசரி, 1958 வரை சுன்னாகத்தில் அச்சாகி வெளிவந்தது. எங்கள் அம்மம்மா காலத்துப் பழைய மாணவிகள் வாசித்த பத்திரிகை கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்ததல்ல. 1990 இல் நின்றுபோன ரயில் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 சனவரியில் காங்கேசன்துறை வரைக்கும் திரும்பி வந்தது. இடைப்பட்ட காலத்தில் பிறந்த பிள்ளைகள் தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் இல்லாத ஒரு மண்மேட்டையே ரயில் றோட் என்று நினைத்து வளர்ந்தவர்கள். அவர்களில் சிலர் இப்போது எங்கள் வைத்தியசாலையில் தாதியர்களாக இருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். மாலையில் நான் என் சிறிய கிளினிக்குக்குப் போகும்போது சந்தியில் தேங்காய் விற்கும் ஐயா, "இண்டைக்கு என்ன டொக்டர், லேற்றாப் போச்சு" என்பார். முதலாவதாக வரும் அம்மா, என்னுடைய அம்மாவின் முழங்கால் நோ எப்படி என்று விசாரித்த பிறகே தன்னுடைய வருத்தத்தைச் சொல்வார். அம்மாவுக்கு முழங்கால் நோ என்று நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

பயிற்சிக்காக ஒரு வருடம் இங்கிலாந்தில், லண்டனுக்கு வெளியே இதே மாதிரி ஒரு சிறு பட்டினத்தில் இருந்தேன். முதல் மாதம், ஒருவரும் என்னைக் கவனிக்காதது பெரிய விடுதலையாக இருந்தது. நான் எத்தனை மணிக்கு வந்தேன், என்ன உடுத்தேன், யாரோடு நின்று கதைத்தேன் என்று கேட்க ஆளில்லை. மூன்றாம் மாதம் காய்ச்சலில் நாலு நாள் அறைக்குள் கிடந்தேன். அப்போதும் கேட்க ஆளில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் அந்த ஊர் எனக்குத் தந்தது.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் வீதியில் இறங்கி நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது எனக்குப் பதினைந்து வயது. இங்கிருக்கும் பலர் அந்த மழைக்குள் நடந்தவர்கள்தான். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நாங்கள் தங்கினோம். அங்கே குடும்பம் குடும்பமாக அல்ல, ஒழுங்கை ஒழுங்கையாகத்தான் இருந்தோம். எங்கள் ஒழுங்கைக் கிழவி ஒருவர் விடிய எழும்பி, வீட்டு ஒழுங்கின்படியே ஆட்களை எண்ணுவார். கிழக்குத் தொங்கலில் தொடங்கி மேற்குத் தொங்கலில் முடிப்பார். எந்த வீட்டில் யாருக்கு என்ன மருந்து என்பதும் அவருக்குத் தெரியும். வைத்தியப் பரம்பரை இல்லாத வீட்டில் பிறந்த நான், நோயாளிகளைப் பெயரும் வீடும் சேர்த்து நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதை முதலில் கண்டது அந்தக் கிழவியிடம்.

அந்தக் காலத்துச் சுன்னாகத்தில் வீடுகளுக்கு நடுவில் கிடுகு வேலி. வேலியில் பொட்டு இருக்கும். படலையால் சுற்றி வராமல் பெண்கள் பொட்டுக்குள்ளால் போய் வருவார்கள். உப்பு, நெருப்புக்குச்சி, வேப்பம்பூ வடகம் எல்லாம் அதற்குள்ளால் போய் வரும். கிணற்றடியில் ஒருவர் வழுக்கி விழுந்தால் அரை மணித்தியாலத்துக்குள் இன்னொருவர் கண்டுவிடுவார். இன்றைக்குக் கிடுகு வேலி இல்லை. ஆறடி மதில், இரும்புப் படலை, உள்ளே பூட்டு, மேலே கமரா. பிள்ளைகள் வெளிநாட்டில். சென்ற வருடம் இரவு பத்து மணிக்கு ரொறன்ரோவிலிருந்து ஒரு மகன் எங்கள் ஒழுங்கைக்குப் போன் எடுத்தார். கமராவில் பார்க்கிறாராம், குசினி லைற் காலையிலிருந்து எரிகிறதாம், அம்மா வெளியே வரவில்லையாம். பக்கத்து வீட்டுப் பெடியன் மதிலேறிக் குதித்துப் போனபோது, அந்த அம்மா இடுப்பு முறிந்து பதினான்கு மணித்தியாலம் நிலத்தில் கிடந்திருந்தார். உயிர் தப்பிவிட்டார். அவருக்கு மிகப் பக்கத்தில் ஆட்கள் இருந்த வீடு எட்டு அடி தூரத்தில் இருந்தது.

மதில் எழும்பியதால் பார்வை நின்றது என்று நினைக்காதீர்கள். நின்றது உதவிதான். பார்வையும் கதையும் முன்னையைவிட வசதியாக, வட்ஸ்அப்பில் நடக்கின்றன. இதை ஒரு வைத்தியராக நான் ஒவ்வொரு நாளும் காண்கிறேன். "மருந்துச் சீட்டைக் கடுதாசியால சுத்தித் தாங்கோ" என்பார்கள். சுன்னாகத்தில் உள்ள பாமசியில் வாங்காமல் மருதனார்மடம் தாண்டிப் போய் வாங்குவார்கள். நித்திரை வராமல் இருபது நாளாக அழுதுகொண்டிருக்கும் பெண், தலையிடி என்று சொல்லி வருவாள். நுண்நிதிக் கடன்காரர் கிழமைக்கு ஒருமுறை படலையில் நிற்பதை ஒழுங்கை முழுவதும் பார்க்கும். அவள் மட்டும் பார்க்காததுபோல இருப்பாள். பரிசோதனைக்கு அனுப்பினால், "அங்க எங்கட ஒழுங்கைப் பிள்ளை வேலை செய்யுது, நான் போகமாட்டன்" என்பார்கள்.

இனி நான் சொல்லப்போவதை மகளின் அனுமதியோடும், ஆளை அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியும் சொல்கிறேன். அவர் எங்கள் கல்லூரியில் எனக்கு மூத்த வகுப்புகளில் படித்தவர். வயது ஐம்பத்திரண்டு. மார்பில் கட்டி இருப்பது அவருக்கு மாசி மாதமே தெரியும். மகளுக்கு லண்டன் மாப்பிள்ளை பொருந்தியிருந்தது, ஆவணியில் கலியாணம். புற்றுநோய் என்ற சொல் அந்த நேரத்தில் ஒழுங்கைக்குள் வந்தால் சம்பந்தம் குழம்பும் என்று அவர் கணக்குப் போட்டார். அந்தக் கணக்குப் பிழை என்று என்னால் சொல்ல முடியாது. இதைவிடச் சின்ன வருத்தங்களுக்கே சம்பந்தங்கள் குழம்பியதை நான் கண்டிருக்கிறேன். நாலாம் சடங்கு முடிந்த மறுநாள் காலை, கலியாணத்துக்குப் போட்ட வளையல்களைக்கூடக் கழற்றாமல் என்னிடம் வந்தார். கட்டி தோலைப் பிடித்திருந்தது. கமக்கட்டில் நெறி கட்டியிருந்தது.

தெல்லிப்பழைக்கு எழுதித் தருகிறேன் என்றேன். 2011 இல் நாட்டின் தென்கோடியான தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து சேர்த்த பணத்தால் எழுந்த புற்றுநோய்ப் பிரிவு அங்கே இருக்கிறது. சுன்னாகத்திலிருந்து ரயிலில் போனால் நடுவில் மல்லாகம் மட்டுந்தான். அவர் தலையாட்டி மறுத்தார். "தங்கச்சி, தெல்லிப்பழை வேண்டாம். அங்க ஆரும் கண்டிடுவினம். மகரகமவுக்கு எழுதித் தாங்கோ."

அடுத்த ஸ்ரேஷனுக்கு அடுத்ததில் கிடைக்கும் வைத்தியத்துக்கு அவர் நானூறு கிலோமீற்றர் போனார். கொழும்பில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறேன் என்று ஒழுங்கைக்குச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு மூன்று கிழமைக்கும் ஒருமுறை இரவுப் பயணம். மருந்து ஏற்றிய உடம்போடு திரும்பும் பயணம் எப்படி இருந்திருக்கும் என்று வைத்தியர்களுக்குத் தெரியும். இரண்டு வருடம் இருந்தார். பேரப்பிள்ளையைத் தொலைபேசித் திரையில் பார்த்தார்.

செத்த வீட்டுக்குப் போனேன். பெண்கள் இருந்த பக்கத்தில் கதை நடந்துகொண்டிருந்தது. ஒருவர் சொன்னார், "எங்களுக்கு முந்தியே விளங்கினது. கலியாண வீட்டிலேயே சாறித் தலைப்பை ஒரு பக்கமா இழுத்து இழுத்து மூடினவ." மற்றவர் சொன்னார், "அந்த முறை நல்லூரில அவ அடி அழிக்கேல்லை எண்டோடனையே நான் நினைச்சனான்." மூன்றாமவருக்குக் கிணற்றடியில் அவர் கை தூக்க முடியாமல் நின்றது நினைவிருந்தது. நான் எண்ணிப் பார்த்தேன். ஆறு பேருக்குத் தெரிந்திருந்தது. ஆறு பேரும் தங்களுக்குள் கதைத்திருக்கிறார்கள். அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. மனம் இல்லாமல் அல்ல. அவர் மறைக்கிறார், நாங்கள் எப்படிக் கேட்பது என்ற மரியாதையால். மூன்று பெண்கள் கண்ட மூன்று அடையாளங்களை, ஒரு கெட்டிக்கார மருத்துவ மாணவியிடம் கேட்டால் அவள் அந்த ஒழுங்கில்தான் சொல்லியிருப்பாள். ஊருக்கு நோய் தெரிந்திருந்தது. நோயாளிக்கு அது உதவவில்லை.

இந்த ஊர் வாய் பேசாத ஊரும் அல்ல. 2014, 2015 ஆம் ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். சுன்னாகம் மின்நிலையத்தைச் சூழவுள்ள கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்தது. எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல். மேலே ஊற்றுவது கீழே போய், ஒரு கிணற்றிலிருந்து இன்னொரு கிணற்றுக்குப் போகும். பவுசர் வரும்வரை ஒழுங்கை முகப்பில் குடத்தோடு நின்றோம். அப்போது ஒருவரும் "எங்கட கிணற்றில எண்ணெய் எண்டு வெளியில சொல்லாதேங்கோ" என்று மறைக்கவில்லை. போத்தலில் தண்ணீரை எடுத்துக்கொண்டு வீதிக்கு வந்தார்கள். விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் நட்டஈடாக இரண்டு கோடி ரூபா செலுத்த வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. கிணற்றில் எண்ணெய் வந்தபோது எழும்பிய அதே வாய், மார்பில் கட்டி வந்தவளின் முன்னால் ஏன் மூடிக்கொள்கிறது என்பதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். கிணறு எல்லாருடையதும் என்று எங்களுக்குத் தெரியும். உடம்பு அவளுடையது மட்டும், வெட்கமும் அவளுடையது மட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

தெரிந்துகொண்டு, அதை வெளியே கொட்டாமல், படலையைத் திறந்து உள்ளே போகிற ஆள் ஒருவர் எங்கள் ஊரில் ஏற்கெனவே இருக்கிறார். அவரைக் குடும்பநல உத்தியோகத்தர் என்கிறோம். அம்மாமார் மிட்வைவ் அக்கா என்பார்கள். இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு களுத்துறையில் 1926 இல் தொடங்கியது. ஏறத்தாழ எங்கள் சங்கத்தின் வயது. (தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கமும் 1926 தான். தற்செயல். ஆனால் மனதில் நிற்கும், நிற்கட்டும்.) அந்த முறையின் முதுகெலும்பு மிட்வைவ் அக்காதான். யாருக்குக் குழந்தை தங்கவில்லை, எந்த வீட்டில் அடி விழுகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சந்தையில் கண்டால் சிரித்துவிட்டுப் போவார். ஒரு ஊர் ஆளால் அப்படி இருக்க முடியும் என்பதற்கு அவர் அத்தாட்சி. இந்தப் பெண்களுக்கு ஒரு நூற்றாண்டு விழா எடுத்தால் நான் முதலில் வந்து நிற்பேன்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். சந்தையில் மரக்கறி விற்கும் ஓர் அம்மா, ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். பக்கத்து வீட்டுப் பெண் குளிக்கும்போது அடிக்கடி மார்பைத் தொட்டுப் பார்ப்பதைக் கண்டிருக்கிறார். "உனக்கு என்ன?" என்று கேட்கவில்லை. "எனக்குப் பிறசர் பார்க்கோணும், தனியப் போகப் பயமாக் கிடக்கு, துணைக்கு வா" என்று கூட்டிக்கொண்டு வந்தார். வந்த இடத்தில் என்னிடம், "நான் வந்தது எனக்கில்லை, இவளுக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே போய் வாங்கில் இருந்தார். கட்டி இருந்தது உண்மைதான். சோதித்துப் பார்த்ததில் அது புற்றுநோய் அல்ல. சின்னச் சத்திரசிகிச்சையோடு முடிந்தது. வீட்டுக்குப் போகும்போது அந்த அம்மா தன்னுடைய பிறசரையும் பார்க்கச் சொன்னார். நூற்றெண்பதுக்கு மேல் இருந்தது.

சங்கத்திடம் நான் கேட்பது இந்த அம்மா செய்ததைத்தான். சுகவனிதையர் கிளினிக் எமது நாட்டில் 1996 இலிருந்து நடக்கிறது. முப்பத்தைந்து வயதிலும் நாற்பத்தைந்து வயதிலும் கட்டாயம் போகச் சொல்கிறார்கள். மார்பு, கருப்பைக் கழுத்து, குருதி அமுக்கம், சீனி எல்லாம் பார்ப்பார்கள். சதம் செலவில்லை. 2017 இலிருந்து தரம் ஆறுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி போடுகிறார்கள். ஆகவே பின்னால் நிற்கும் பிள்ளைகளில் பலர், முன்னால் இருக்கும் தாய்மாரைவிடப் பாதுகாப்பாக இருக்கிறார்கள். தாய்மார் போகாததற்குக் காரணம் அறியாமை என்று சுகாதாரக் கூட்டங்களில் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பட்டதாரிகள் போகவில்லை, ஆசிரியைகள் போகவில்லை. கிளினிக் வாங்கில் தனியே இருப்பதை யாரும் காணக்கூடாது என்பதே காரணம். இருபது பேர் சேர்ந்து போய் இருந்தால், யார் யாருக்கு என்ன என்று பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்?

அதனால் ஒவ்வோர் ஆண்டுக் குழுவும் மாதத்தில் ஒரு நாள் ஒரு வானில் போகட்டும். வருத்தம் உள்ளவர்களும் போகட்டும், இல்லாதவர்களும் போகட்டும். தயவுசெய்து இதை வட்ஸ்அப் குழுவில் படம் எடுத்துப் போட வேண்டாம். பெயர்ப் பட்டியலும் வேண்டாம். குழுத் தலைவிக்கு ஒரு போன் போதும். முடிவு என்ன என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. தனியே வாழும் வயதான பழைய மாணவிகளின் வீட்டுத் திறப்பு ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவைக்கச் சொல்லி, வெளிநாட்டுப் பிள்ளைகளோடு சங்கம் கதைக்கலாம். கமராவைவிட அது மலிவு. லண்டன், ரொறன்ரோ கிளைகள் இந்த மண்டபத்துக்கு அனுப்பிய காசில் மிச்சம் இருப்பதாகப் பொருளாளர் காலையில் அறிக்கை வாசித்தார். வான் வாடகைக்கு அது போதும் என்று நான் கணக்குப் பார்த்துவிட்டேன். பொருளாளர் என்னை முறைக்கிறார், பரவாயில்லை.

முதலாவது வானில் எங்கள் ஆண்டுக் குழு போகிறது. எனக்கும் நாற்பத்தைந்து ஆகிவிட்டது. நானும் வாங்கில்தான் இருப்பேன். காலை எட்டு மணிக்குக் கல்லூரி வாசலில் வான் நிற்கும். சாப்பிட்டுவிட்டு வாருங்கள். குளிசை பாவிப்பவர்கள் கிளினிக் கொப்பியையும் கொண்டு வாருங்கள்.